நிறுவாமல் ஓடும் ஆன்டிவைரஸ் கருவிகள்: எதை எங்கே நம்பலாம்

ஆன்டிவைரஸ் செட்டப் ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்ததும் ஒரு விண்டோ மின்னி மறைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அதை நிர்வாகி முடக்கியிருப்பதாக ஒரு பெட்டி வருகிறது. மற்ற இணையதளங்கள் எல்லாம் திறக்கின்றன, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறப்பதில்லை. இந்த அறிகுறிகள் தெரிந்த கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஆன்டிவைரஸை இன்ஸ்டால் செய்யப் போராடுவதில் பயன் குறைவு. உள்ளே புகுந்தது, பாதுகாப்பு மென்பொருள் எந்த வழியாக வரும் என்று தெரிந்து அந்த வழியை முன்பே அடைத்து வைத்திருக்கிறது. பென் டிரைவில் கொண்டுபோய் நேரடியாக ஓட்டக்கூடிய போர்ட்டபிள் ஸ்கேனர்கள் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

இந்தக் கருவிகள் பின்னணியில் உட்கார்ந்து காவல் காப்பதில்லை. கூப்பிட்டால் வந்து தேடும், கண்டதை எடுக்கும், மூடினால் போய்விடும். அதனால் ஏற்கெனவே இருக்கும் ஆன்டிவைரஸோடு மோதாது. குறை என்னவென்றால், பெரும்பாலானவற்றின் வைரஸ் பட்டியல் டவுன்லோட் செய்த நாளோடு நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு முன் பென் டிரைவில் போட்டு வைத்த கருவி, இந்த வாரம் வந்த வைரஸுக்கு முன்னால் கண் தெரியாமல் நிற்கும்.

எது நல்லது என்று பெயரை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஸ்கேனர் எங்கே நின்று பார்க்கிறது என்பது பெயரைவிட முக்கியம். வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் ஓடும் ஸ்கேனர், "இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது" என்று அதே விண்டோஸிடம்தான் கேட்கிறது. நடுவில் ஒரு ரூட்கிட் (விண்டோஸுக்குள்ளேயே தன்னை மறைத்துக்கொள்ளும் வைரஸ்) இருந்தால், பதிலில் தன் பெயரை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுக்கும். சேஃப் மோடில் ஓட்டினால், தானாகத் தொடங்கும் புரோகிராம்களில் பெரும்பகுதி எழாது என்பதால் நிலைமை கொஞ்சம் தேவலை. பென் டிரைவிலிருந்தே பூட் செய்து வெளியே நின்று பார்த்தால், உள்ளே இருக்கும் வைரஸ் வெறும் ஃபைலாகத்தான் கிடக்கும், ஒளிந்துகொள்ள வழியில்லை. கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் இந்த மூன்று இடங்களை மனதில் வைத்து எழுதியது.

தொடங்கும் முன்

கருவிகளை வைரஸ் தாக்காத வேறொரு கம்ப்யூட்டரில், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரங்களில் போலிப் பிரதிகள் வருவதுண்டு. ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் ஸ்கேனரில் அந்தப் பகுதியே இல்லையென்றால் அதை ஓட்ட வேண்டாம்.

பென் டிரைவில் எழுதுவதைத் தடுக்கும் சிறு சுவிட்ச் இருந்தால் மிக நல்லது. சுவிட்ச் இல்லாத பென் டிரைவை வைரஸ் உள்ள கம்ப்யூட்டரில் ஒருமுறை செருகிவிட்டால், அதையும் தாக்கப்பட்டதாகவே கருத வேண்டும். வேலை முடிந்ததும் ஃபார்மட் செய்ய வேண்டும். அதில் வேறு முக்கிய ஃபைல் எதுவும் இருக்கக் கூடாது.

தாக்கப்பட்ட கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். வைரஸ் தன் துணை ஃபைல்களைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொள்வதும், திருடிய பாஸ்வேர்டுகளை வெளியே அனுப்புவதும் இணையம் வழியாகத்தான். இணையம் இல்லாமல் வேலை செய்யாத கருவிகளை ஓட்டும்போது மட்டும் இணைப்பைத் திரும்பக் கொடுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று: ஹார்ட் டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தாலும் கம்ப்யூட்டர் மெதுவாகும், ஃபைல்கள் திறக்காது, அடிக்கடி உறையும். அதை வைரஸ் என்று நினைத்து மணிக்கணக்கில் முழு ஸ்கேன் ஓட்டினால், மிச்சமிருக்கும் உயிரையும் ஸ்கேனே பறித்துவிடும். டிஸ்கின் ஸ்மார்ட் நிலையை (டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை) முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆவணங்களையும் படங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு ஸ்கேனுக்குப் போங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, தூங்கிப்போகும் அமைப்பை அணைத்து வையுங்கள். முழு ஸ்கேன் பாதியில் நின்றுபோவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

ஸ்கேனர் திறக்கவே மறுத்தால்

ஸ்கேனர் கெட்டுப்போனது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ் என்று ஒரு கிளை உண்டு. மென்பொருள் உருவாக்குபவர்கள் பிழை தேடுவதற்காக வைத்தது. ஒரு புரோகிராமின் பெயரில் அங்கே ஒரு சாவியை உருவாக்கி, 'டீபக்கர்' என்ற மதிப்பில் வேறொரு புரோகிராமைக் கொடுத்துவிட்டால், முதல் புரோகிராமைத் திறக்கும்போதெல்லாம் இரண்டாவதுதான் திறக்கும். வைரஸ்கள் பிரபல ஸ்கேனர்களின் பெயர்களை வரிசையாக இங்கே எழுதி வைக்கின்றன. தடை ஃபைலின் பெயரை வைத்துத்தான் என்பதால், மருந்தும் எளிது: ஸ்கேனர் ஃபைலுக்கு ஒரு அர்த்தமில்லாத பெயர் வையுங்கள். பல நேரம் அதிலேயே திறந்துகொள்ளும்.

அதற்கும் அசையாவிட்டால் ஆர்கில். ப்ளீப்பிங் கம்ப்யூட்டர் தளம் வெளியிடும் சிறிய கருவி இது. எந்த ஃபைலையும் நீக்காது. ஓடிக்கொண்டிருக்கும் தீய புரோகிராம்களை நிறுத்தி, ஸ்கேனர்கள் ஓடுவதைத் தடுக்கும் ரெஜிஸ்ட்ரி அமைப்புகளைச் சரிசெய்து, என்ன செய்தது என்பதை டெஸ்க்டாப்பில் ஒரு குறிப்பாக எழுதி வைக்கும். வேறு பெயர்களிலும் அதே தளத்தில் டவுன்லோட் செய்யலாம். இதை ஓட்டியபின் ரீபூட் செய்யவே கூடாது. நிறுத்தப்பட்டவை ரீபூட்டில் மறுபடி எழுந்துவிடும். ஆர்கில் முடிந்த கையோடு ஸ்கேனரைத் திறக்க வேண்டும்.

சேஃப் மோடுக்குப் போக, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியே போய், மறுபடி எழும்போது 4 அழுத்துங்கள். இணையமும் வேண்டும் என்றால் 5. சேஃப் மோடில் எழ முயன்றதும் நீலத்திரை வந்தால், சேஃப் மோடுக்கான ரெஜிஸ்ட்ரி சாவிகளையே வைரஸ் அழித்திருக்கலாம். சாலிட்டி என்ற வைரஸ் குடும்பம் இதைச் செய்வதற்குப் பேர்போனது. அப்போது உள்ளே நின்று போராடாமல் வெளியே நின்று பார்க்கும் முறைக்குத் தாவிவிடுங்கள்.

ஸ்கேனர்கள் ஒவ்வொன்றாக

எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட். ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல முடியும் என்றால் இதுதான் எங்கள் தேர்வு. டவுன்லோட் செய்த ஃபைலைத் திறந்தால் ஒரு ஃபோல்டராக விரியும். அந்த ஃபோல்டரில் வைரஸ் பட்டியலை அப்டேட் செய்துவிட்டு, அப்படியே முழுதாகப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மறுமுறை தேவைப்படும்போது புதிதாக எல்லாவற்றையும் இறக்க வேண்டியதில்லை, அப்டேட் போதும். இதில் பிட்டிஃபெண்டர் நிறுவனத்தின் எஞ்சினும் (வைரஸைக் கண்டுபிடிக்கும் பகுதி) எம்சிசாஃப்டின் சொந்த எஞ்சினும் சேர்ந்து வேலை செய்கின்றன. குவிக் ஸ்கேன், மால்வேர் ஸ்கேன், கஸ்டம் ஸ்கேன் என்று மூன்று உண்டு. நடுவில் உள்ள மால்வேர் ஸ்கேனில் தொடங்குங்கள். வைரஸ்கள் வழக்கமாகக் குடியேறும் இடங்கள் எல்லாவற்றையும் அது பார்த்துவிடும். கண்டதை நேரடியாக அழிக்காமல் குவாரன்டைனுக்கு (தனியே பூட்டி வைக்கும் இடத்துக்கு) அனுப்பும் வழி இருப்பதால், தவறாகப் பிடிபட்டதை மீட்கலாம். கமாண்ட் பிராம்ப்டில் ஓடும் ஸ்கேனரும் கூடவே வருகிறது. டெஸ்க்டாப்பே எழாமல் கறுப்புத் திரையில் நிற்கும் கம்ப்யூட்டர்களில் அதன் அருமை தெரியும். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் ஆன்டிவைரஸும் பிட்டிஃபெண்டர் எஞ்சினில்தான் ஓடுகிறது என்றால் மட்டும், இது தரும் இரண்டாவது கருத்தின் மதிப்பு பாதியாகக் குறையும்.

மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். ஒரே ஃபைல், டவுன்லோட் செய்த 10 நாளில் காலாவதியாகிவிடும். பழைய பட்டியலோடு யாரும் ஸ்கேன் செய்து ஏமாறக் கூடாது என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் அதே வைரஸ் பட்டியல்தான் இதற்கும். டிஃபெண்டர் ஒழுங்காக, அப்டேட்டோடு ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இதை ஓட்டுவது ஒரே டாக்டரிடம் இரண்டு முறை போவதுபோல. டிஃபெண்டரை வைரஸ் முடக்கிவிட்ட கம்ப்யூட்டரில் இது நன்றாக உதவும்.

இதைப் பற்றி அடிக்கடி எழும் குழப்பம் ஒன்று உண்டு. ஸ்கேன் ஓடும்போது "தாக்கப்பட்ட ஃபைல்கள்: 7" என்று எண் ஏறிக்கொண்டே போகும், முடிந்ததும் "எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்று வரும். ஏறியது சந்தேகத்துக்குரியவற்றின் தற்காலிக எண்ணிக்கை. கடைசியில் அவற்றை ஆழமாகச் சோதித்தபின் வருவதுதான் முடிவு. விவரம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டீபக் ஃபோல்டரில் எம்எஸ்இஆர்டி என்ற பெயருள்ள லாக் ஃபைலில் (என்ன நடந்தது என்ற பதிவில்) இருக்கும். நடுவில் ஏறிய எண்ணைப் பார்த்துப் பயந்து விண்டோஸையே அழித்து மறுபடி போடுபவர்கள் இருக்கிறார்கள்; லாகைத் திறந்து பார்த்தால் அந்த வேலை மிச்சம்.

காஸ்பர்ஸ்கை வைரஸ் ரிமூவல் டூல். கண்டுபிடிப்பதிலும், தாக்கப்பட்ட ஃபைலை அழிக்காமல் குணப்படுத்துவதிலும் வலுவானது. ஓடிக்கொண்டிருக்கும் வைரஸைக் கண்டால், ரீபூட்டோடு சேர்ந்த தீவிரச் சுத்திகரிப்புக்கு அனுமதி கேட்கும். திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஸ்கேன் தொடங்கும் முன் சேஞ்ச் பராமீட்டர்ஸ் என்பதைத் திறந்து, சிஸ்டம் டிரைவ் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நினைவகம், ஸ்டார்ட்அப், பூட் செக்டர் ஆகியவற்றோடு ஸ்கேன் நின்றுவிடும்; சில நிமிடங்களில் "சுத்தம்" என்று வரும் முடிவை நம்பி ஏமாறுவது இப்படித்தான். வைரஸ் பட்டியலைத் தனியே அப்டேட் செய்ய வழியில்லை, ஒவ்வொரு முறையும் கருவியையே புதிதாக இறக்க வேண்டும். அமெரிக்க அரசு 2024-இல் இந்த நிறுவனத்தின் பொருள்களுக்குத் தடை விதித்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓட்டும் முன் அந்த இடத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் வெப் க்யூர்இட். டவுன்லோட் ஆகும்போதே ஃபைலுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் வந்துவிடும். மேலே சொன்ன பெயர்த்தடையைத் தாண்டுவதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஃபைல்களுக்குள் ஊடுருவும் வகை வைரஸ்களைக் குணப்படுத்துவதில் இதற்கு நீண்ட காலமாக நல்ல பெயர். சொந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் இலவசம். ஸ்கேன் வேகம் குறைவு, டவுன்லோட் பெரியது, இதற்கும் அப்டேட் கிடையாது. காஸ்பர்ஸ்கை, டாக்டர் வெப் இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் வரிசையாக ஓட்டி நாளைக் கழிக்க வேண்டியதில்லை.

ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர். சிறிய ஃபைலாக வந்து, திறந்தபின் வைரஸ் பட்டியலை இணையத்திலிருந்து இறக்கும். எப்போதும் புதிய பட்டியல் என்பது பலம், இணையம் இல்லையென்றால் நகராது என்பது பலவீனம். வைரஸ் ஈசெட் தளத்தையே மறித்திருந்தால் பட்டியல் இறங்காது. எனவே சுத்தம் செய்து முடித்து இணையத்தை இணைத்தபின், கடைசிச் சரிபார்ப்புக்கு இதை வைத்துக்கொள்ளலாம். வேண்டாத புரோகிராம்களையும் கண்டுபிடிக்கட்டுமா என்று கேட்கும்போது ஆம் என்று கொடுங்கள்.

நார்டன் பவர் இரேசர். இதைக் கடைசி ஆயுதமாக மட்டும் எடுங்கள். கடுமையான முறையில் தேடுவதால் நல்ல புரோகிராம்களையும் குற்றவாளியாகக் காட்டக்கூடும் என்று நார்டனே எச்சரிக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்தாத டிரைவர், கணக்கெழுதும் பழைய மென்பொருள், சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாம் இதன் பட்டியலில் வர வாய்ப்புண்டு. வந்த பட்டியலை அப்படியே ஒப்புக்கொண்டு ஃபிக்ஸ் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு வரியையும் படித்து, தெரிந்ததை டிக் எடுத்துவிட்டு மேலே போங்கள். செய்த மாற்றத்தைப் பின்னோக்கித் திருப்பும் வசதி இருப்பது ஆறுதல்.

ஆட்வ்கிளீனர். மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016-இல் வாங்கிய கருவி. பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிப்போவது, எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரம் குதிப்பது, கேட்காத டூல்பார் ஆகியவற்றுக்கு மிகச் சிறந்தது, சில நிமிடங்களில் முடியும். சி டிரைவில் தன் பெயரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து லாகையும் குவாரன்டைனையும் அதில் வைக்கும். உண்மையான வைரஸுக்கு இது மருந்து இல்லை. பலர் இதை மட்டும் ஓட்டிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள்.

பழைய கட்டுரைகளில் இன்னும் புகழப்படும் காம்போஃபிக்ஸை எடுக்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் அது உருவாக்கப்படவில்லை.

லாகில் வரும் பெயரைப் படிப்பது

"3 அச்சுறுத்தல்கள் நீக்கப்பட்டன" என்ற வரியோடு விண்டோவை மூடிவிடுவது பெரிய தவறு. பெயரைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் முறையில் முதலில் வகை, பிறகு எந்த இயங்குதளத்தில் ஓடுவது, பிறகு குடும்பப் பெயர் வரும். தொடக்கத்தில் 'ஆட்வேர்' (விளம்பரம் காட்டுவது) அல்லது 'பியூஏ' (வேண்டாத புரோகிராம்) என்றால் தொல்லை மட்டும்தான், நீக்கியதோடு பெரும்பாலும் முடிந்தது. 'ஹேக்டூல்' என்றால் திருட்டு ஆக்டிவேஷன் கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம்; மற்ற வைரஸ் வந்த வாசலும் அதுவாகவே இருக்கலாம். 'பிடபிள்யூஎஸ்' என்றால் பாஸ்வேர்டு திருடுவது. 'ரான்சம்' என்றால் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பது. கடைசியில் ஆச்சரியக்குறியோடு 'எம்எல்' என்று முடிந்தால், அது இயந்திரக் கற்றல் ஊகித்துச் சொன்னது. தவறாக இருக்கவும் இடமுண்டு. அப்படிப்பட்டதை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பல எஞ்சின்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். ஆனால் அங்கே ஏற்றிய ஃபைலை மற்ற ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும். சொந்த ஆவணம் எதையும் ஏற்றாதீர்கள்.

தொடக்கத்தில் 'வைரஸ்' என்றே போட்டு, சாலிட்டி, விரூட், ராம்னிட் போன்ற பெயர் வந்தால் நிலைமையே வேறு. இவை கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸ்இ ஃபைல்களுக்குள் தம்மைத் திணித்துக்கொள்பவை. ஒரு ஃபைலைக் குணப்படுத்துவதற்குள் பத்து ஃபைலில் பரவும். விரூட் திணிக்கும் விதத்திலேயே பிழை இருப்பதால், தாக்கப்பட்ட பல ஃபைல்கள் குணப்படுத்த முடியாதபடி உடைந்துபோகும். அங்கே எங்கள் பரிந்துரை தயக்கமில்லாதது: ஆவணம், படம் மட்டும் பிரதி எடுங்கள், ஒரு எக்ஸ்இ ஃபைலைக்கூட எடுக்காதீர்கள், டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

ரான்சம்வேர் என்றால், ஸ்கேனர் வைரஸைத்தான் நீக்கும், பூட்டிய ஃபைலைத் திறக்காது. பூட்டிய ஃபைல்களையும் பணம் கேட்கும் குறிப்பையும் அழிக்காமல் வையுங்கள். யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் மாதிரியை ஏற்றினால், சாவி வெளியாகியுள்ள குடும்பமா என்று தெரியும். சில குடும்பங்களுக்குத்தான் சாவி உண்டு. இன்று இல்லாத சாவி பின்னால் வரவும் கூடும் என்பதால் பூட்டிய ஃபைல்களைப் பத்திரப்படுத்துங்கள்.

வெளியே நின்று பார்ப்பது

எல்லா ஸ்கேனரும் சுத்தம் என்று சொல்லியும் ரீபூட்டுக்குப் பின் அதே தொல்லை திரும்பினால், உள்ளே நின்று பார்த்தது போதும். எளிய வழி, விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் வழியாகப் போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டர் ரீபூட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிடம் ஸ்கேன் நடக்கும். பதிவிறக்கம், பென் டிரைவ் எதுவும் வேண்டாம். அந்த மெனுவையே வைரஸ் முடக்கியிருந்தால்தான் அடுத்த வழி.

அது காஸ்பர்ஸ்கை ரெஸ்க்யூ டிஸ்க், டாக்டர் வெப் லைவ்டிஸ்க் போன்றவை. லினக்ஸில் ஓடும் இவற்றை ரூஃபஸ் கருவியால் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். கண்டுபிடிக்கும் திறனில் எங்கள் நம்பிக்கை இவற்றின் மீதுதான் அதிகம். ஆனால் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் ரெஸ்க்யூ டிஸ்குக்கு உள்ளே இருப்பது படிக்க முடியாத குப்பையாகத்தான் தெரியும். "0 ஃபைல்கள், 0 அச்சுறுத்தல்கள்" என்ற முடிவைச் சுத்தம் என்று படித்துவிடாதீர்கள். எத்தனை ஃபைல் ஸ்கேன் ஆனது என்ற எண்ணைக் கட்டாயம் பாருங்கள். புதிய விண்டோஸ் 11-இல் யாரும் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுந்திருப்பது சகஜம். இரண்டாவது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்துள்ளவற்றை மட்டும் பூட் செய்ய விடும் வசதி. பென் டிரைவ் எழவில்லை என்று பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புகளில்) இதை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். 48 இலக்கச் சாவியை முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸைத் தொடாதீர்கள். மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். சாதாரணமாக ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், அந்த டிஸ்கில் எழுத லினக்ஸ் தயங்கும். வைரஸ் கண்ணில் படும், நீக்க முடியாது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

ஸ்கேனர் விட்டுவைத்தது

ஸ்கேனர்கள் ஃபைலைத் தேடுகின்றன. ஆனால் இப்போது பல வைரஸ்கள் ஃபைலாக இல்லாமல், விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லுக்குக் கொடுக்கும் ஒரு நீளமான கட்டளையாக, ஷெட்யூல்டு டாஸ்கில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலையில்) உட்கார்ந்திருக்கின்றன. இதைப் பிடிக்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸைவிடச் சிறந்த கருவி இல்லை. இதுவும் இன்ஸ்டால் வேண்டாதது. நிர்வாகி உரிமையோடு திறந்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் சிக்னேச்சர் சரிபார்ப்பதையும் வைரஸ்டோட்டல் சோதனையையும் இயக்குங்கள். இளஞ்சிவப்பு வரி என்றால் கையெழுத்து இல்லை அல்லது உறுதிப்படவில்லை. மஞ்சள் வரி என்றால் சுட்டப்படும் ஃபைலே இல்லை. ஸ்கேனர் வைரஸை எடுத்தபின் விட்டுப்போன வால்கள் பெரும்பாலும் மஞ்சளாகத் தெரியும். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் "ஃபைலைக் காணவில்லை" என்று வரும் பெட்டிக்கும் இந்த வால்தான் காரணம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 எல்லாம் மைக்ரோசாஃப்டின் கையெழுத்துள்ள நல்ல புரோகிராம்கள். அவற்றின் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் ஏதோ ஒரு ஸ்கிரிப்டையோ, அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக்கோவையையோ காட்டினால் அதுதான் நீங்கள் தேடியது. உடனே டெலீட் கொடுக்காமல் முதலில் டிக்கை மட்டும் எடுங்கள், ரீபூட் செய்யுங்கள், எல்லாம் ஒழுங்காக ஓடினால் பிறகு நீக்குங்கள். முன்பு சொன்ன பெயர்த்தடைகளை இதே கருவியில் இமேஜ் ஹைஜாக்ஸ் என்ற பகுதியில் காணலாம்.

பென் டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டால், ஃபைல்கள் போய்விட்டன என்று ஃபார்மட் செய்துவிடாதீர்கள். ஒரு ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து, திறக்காமல், ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற இடத்தைப் பாருங்கள். ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் சிஎம்டி அல்லது டபிள்யூஸ்கிரிப்ட் என்று இருக்கும். ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, சந்தேகம் வராமல் உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும் கட்டளை அது. உண்மையானவை சிஸ்டம், ஹிடன் என்ற இரண்டு பண்புகளோடு மறைக்கப்பட்டுள்ளன. சிலவேளை பெயரே இல்லாததுபோல் தெரியும் ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவைச் செருகியதும் மறுபடி தொற்றும். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் அந்த டிரைவுக்குப் போய், அட்ரிப் கட்டளையோடு மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் கொடுத்து, எல்லா ஃபைலையும் குறிக்க நட்சத்திரக் குறியும், உள் ஃபோல்டர்களுக்காக ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி இரண்டும் சேருங்கள். மறைந்தவை வெளியே வரும். ஷார்ட்கட்களையும் ஸ்கிரிப்டையும் நீக்கிவிட்டு ஸ்கேன் செய்தால் போதும்.

சுத்தம் என்று வந்த பிறகு

விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (ஸ்கேன் செய்யாமல் விடுபவை) பட்டியலைத் திறந்து பாருங்கள். பல வைரஸ்கள் சி டிரைவ் முழுவதையும் அங்கே சேர்த்துவிட்டுப் போகின்றன. டிஃபெண்டர் பச்சைக் குறி காட்டிக்கொண்டே எதையும் பார்க்காமல் இருக்கும். நீங்கள் சேர்க்காதது எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். அடுத்து, எந்தத் தளப்பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைல். சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் அதை நோட்பேடில் திறந்தால், சாதாரணமாக எண் குறியில் தொடங்கும் விளக்க வரிகள் மட்டும்தான் இருக்கும். ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தால், அவை திறக்காததன் காரணம் அதுதான். இணையப் போக்குவரத்தைத் திருப்பிவிடக்கூடிய ப்ராக்ஸி அமைப்பும் டிஎன்எஸ் முகவரியும் நீங்கள் வைத்ததுதானா என்றும் பாருங்கள். பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களையும், நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களையும் நீக்குங்கள். திரையின் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று குதிக்கும் பெட்டிகள் பெரும்பாலும் வைரஸே இல்லை, ஏதோ ஒரு தளத்துக்குத் தெரியாமல் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதிதான்.

உடைந்த விண்டோஸ் ஃபைல்களைச் சரிசெய்ய, நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதலில் டிஐஎஸ்எம் கருவியின் ரீஸ்டோர்ஹெல்த் கட்டளை, அது முடிந்தபின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கும் கிடங்கை டிஐஎஸ்எம்தான் பழுதுபார்க்கிறது. பழைய ரீஸ்டோர் பாயின்ட்களுக்குள் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பச் சேமித்தவை) வைரஸின் பிரதி இருக்கக்கூடும். சுத்தமாகி இரண்டு மூன்று ரீபூட் தாண்டியபின் அவற்றை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு முன் அழித்தால், சுத்திகரிப்பில் ஏதாவது உடைந்தபோது திரும்ப வழி இருக்காது.

லாகில் பாஸ்வேர்டு திருடும் வகை ஏதாவது வந்திருந்தால், பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை. பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்காமல், ஒவ்வொரு கணக்கிலும் எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானையும் அழுத்துங்கள். இந்த வகை வைரஸ்கள் பிரவுசரில் லாகின் நிலையைக் காக்கும் குக்கீகளையும் எடுத்துச் செல்வதால், சில கணக்குகளில் பாஸ்வேர்டு மாறிய பிறகும் திருடியவர் உள்ளேயே இருக்க முடியும்.

கடைசியாக, வேலைக்குப் பயன்படுத்திய பென் டிரைவைச் சுத்தமான கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்துவிட்டு, ஆட்டோரன்ஸையும் எமர்ஜென்சி கிட்டையும் மட்டும் புதிதாக ஏற்றி வையுங்கள். மற்றவற்றைத் தேவைப்படும் அன்றுதான் இறக்க வேண்டும்.